மேஃப்ளவர் கப்பலில் வந்தவர் உங்கள் முன்னோரா? வம்சாவளி தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் சம்பந்தி அம்மா மாசசூசெட்ஸ்காரர். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு: "நாங்கள் ஜான் ஹவ்லண்ட் வழி." பேரனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். வரைய உட்கார்ந்தபோதுதான் கேள்வி வந்தது: அது உண்மையா, வெறும் பேச்சா? அதைச் சரிபார்க்கப் போய் எனக்கு இரண்டு குளிர்காலம் போயிற்று. அதன் பிறகு அமெரிக்காவில் சம்பந்தம் செய்த நம்மவர்கள் பலர் இதே கேள்விகளோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜான் ஹவ்லண்ட் யார்?

1620இல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து 102 பயணிகளோடு புறப்பட்ட மேஃப்ளவர் கப்பலில் வந்தவர். ஜான் கார்வர் என்பவரின் பணியாளாக ஏறியவர். கப்பலில் வந்தவர்கள் அமெரிக்காவில் அமைத்த குடியேற்றத்துக்கும் பிளிமத் என்றே பெயர். கார்வர்தான் அதன் முதல் ஆளுநர் ஆனார். நடுக்கடலில் புயல் அடித்தபோது ஹவ்லண்ட் மேல்தளத்துக்கு வந்திருக்கிறார், கப்பல் ஒரு பக்கம் சாய, ஆள் கடலுக்குள். பாய்மரக் கயிறு ஒன்று தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தவர் விடவே இல்லை. பல ஆள் ஆழத்துக்கு முங்கியும் பிடி தளரவில்லை. கொக்கி போட்டு மேலே இழுத்துவிட்டார்கள்.

அந்தக் கை வழுக்கியிருந்தால் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இல்லை, இரண்டு புஷ்களும் இல்லை, நடிகர் ஹம்ப்ரி போகார்ட்டும் இல்லை. எல்லோரும் அவர் வழி வந்தவர்கள். ஹவ்லண்டுக்கும் எலிசபெத் டில்லிக்கும் பத்துப் பிள்ளைகள். பத்துப் பேரும் வளர்ந்து பெரியவர்களானார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணமில்லை.

எங்கிருந்து தொடங்குவது? 1620இலிருந்தா?

இல்லை. எல்லோரும் செய்யும் முதல் தவறு இது. ஹவ்லண்டின் பத்துப் பிள்ளைகளில் தொடங்கிக் கீழே வந்தால் ஆலமரத்தின் விழுதுகளில் மாட்டிக்கொள்வீர்கள். எந்த விழுது உங்களுடையது என்று தெரியாது.

உங்களிலிருந்து (அல்லது மருமகனிலிருந்து) தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். அவருடைய பிறப்புச் சான்றிதழ், அதில் இருக்கும் பெற்றோரின் திருமணப் பதிவு, அந்தத் தந்தையின் பிறப்புப் பதிவு என்று ஒரு படி ஏறி, அந்தப் படி தாங்குகிறதா என்று பார்த்த பிறகு அடுத்த படி. ஒவ்வொரு படியிலும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளை இந்தப் பெற்றோரின் பிள்ளை என்று எந்தக் காகிதம் சொல்கிறது? 1620 வரை போக ஏறத்தாழ 12 தலைமுறை ஏற வேண்டியிருக்கும். நடுவில் ஒரு படி உளுத்திருந்தால் அதற்கு மேலே உள்ள எல்லாம் வேறு யாரோ வீட்டுக் கதை.

வீட்டில் பழைய பைபிள் இருக்கிறது. அதில் பிறப்பு, இறப்பெல்லாம் எழுதியிருக்கிறது. அது போதுமா?

நல்ல ஆதாரம்தான், ஆனால் சோதித்துவிட்டு நம்புங்கள். சம்பந்தி அம்மா ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்த பைபிள் பக்கங்களில் 1790களிலிருந்து பிறப்புகள் வரிசையாக இருந்தன. மகிழ்ந்துபோனேன். பிறகு தலைப்புப் பக்கத்தைத் தேடிப் பார்த்தால், அந்த பைபிள் அச்சானது 1840களில். முதல் பதினொரு பதிவுகளும் ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே சாய்வு. அப்படியென்றால் யாரோ ஒருவர் ஒரே நாளில் உட்கார்ந்து நினைவிலிருந்தோ வேறொரு தாளைப் பார்த்தோ எழுதியிருக்கிறார். பொய் என்று சொல்லவில்லை. பாட்டி சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம், கண்ணால் கண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. மை மாறி, கையெழுத்து மாறி, அவ்வப்போது எழுதிய பதிவுகளுக்குத்தான் முழு மதிப்பு.

சென்சஸ் எவ்வளவு தூரம் உதவும்?

1950 வரையான கணக்கெடுப்புகள் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கின்றன. 72 ஆண்டு மூடி வைப்பது அமெரிக்க வழக்கம் என்பதால் 1950இன் ஏடுகள் 2022இல்தான் வெளிவந்தன. அங்கிருந்து பின்னோக்கி 1850 வரை சுகமான பயணம். 1880 முதல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்றும், பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்றும் எழுதியிருக்கும். 1890 மட்டும் ஓட்டை: 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு அதில் மிஞ்சியது மிகச் சொற்பம்.

1850க்கு முன்னால் போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் "இத்தனை வயதுக்குள் ஆண் இத்தனை, பெண் இத்தனை" என்று வெறும் எண்ணிக்கை.

அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழியைத் தேடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய சுவர் உண்டு. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அவர்களுக்கெனத் தனி ஏடு இருந்தது. அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். அவர்களுக்கு வயது, பால், நிறம் மட்டும்தான். 1870இல்தான் அவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். மேஃப்ளவர் வழித்தேடல் எளிதாக இருக்கிறது என்றால் யாருடைய பெயரை எழுதி வைத்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, 1850க்கு முன்னால் என்ன செய்வது?

நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட அமெரிக்க வடகிழக்குப் பகுதி) என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அங்கே ஊர் எழுத்தர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே பிறப்பு, திருமணம், இறப்புகளை ஏட்டில் ஏற்றி வந்தார்கள். மாசசூசெட்ஸ் ஊர்கள் பலவற்றின் 1850 வரையான பதிவுகள் அகர வரிசையில் புத்தகமாகவே அச்சாகியிருக்கின்றன. 1841 முதல் மாநில அளவிலும் பதிவு உண்டு. விர்ஜினியா போன்ற தென்பகுதி என்றால் இந்தச் சௌகரியத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஊர்ப் பதிவு இல்லாத இடத்தில் தேவாலய ஏடு, நிலப் பத்திரம், உயில் மூன்றையும் பிடியுங்கள். பத்திரம் எங்கே இருக்கிறது என்பது அந்தந்த ஆண்டில் எல்லை எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. பிளிமத் 1685இல்தான் பிளிமத், பார்ன்ஸ்டபிள், பிரிஸ்டல் என்று மூன்று கவுன்டிகளாகப் பிரிந்தது. சில ஆண்டுகளில் அந்தக் குடியேற்றமே மாசசூசெட்ஸோடு இணைந்தது. முன்னோர் பார்ன்ஸ்டபிள் கவுன்டியின் கேப் காட் பக்கம் என்றால் இன்னொரு துக்கம்: பார்ன்ஸ்டபிள் நீதிமன்றக் கட்டடம் 1827இல் எரிந்ததில் பழைய பத்திரங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அங்கே உயில்கள்தான் கை கொடுக்கும்.

இன்னொரு காகிதம், எனக்கு மிகப் பிடித்தது. 1627 மே மாதம் பிளிமத்தில் மாடுகளைப் பங்கு பிரித்தார்கள். ஊரையே 13 பேர் கொண்ட 12 குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவிலும் யார் யார் என்று குழந்தைகள் உட்பட எழுதினார்கள். நான்காம் குழு ஹவ்லண்டுடையது. அவர், மனைவி எலிசபெத், மகன் ஜான், மகள் டிசையர், அப்புறம் ஜான் ஆல்டன் குடும்பம் முதலியோர். அவர்களுக்கு விழுந்தது ராக்ஹார்ன் என்று பெயர் வைத்த ஒரு கிடாரி. மாட்டுக்காக எழுதிய பட்டியல்தான், ஆனால் ஹவ்லண்டின் முதல் இரு பிள்ளைகளும் 1627 மே மாதத்துக்கு முன்பே பிறந்துவிட்டார்கள் என்று அது தீர்மானமாகச் சொல்கிறது.

உயிலில் அப்படி என்ன கிடைக்கும்?

எல்லாம். எலிசபெத் டில்லியின் உயிலையே எடுத்துக்கொள்வோம். கணவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, மகள் லிடியா பிரவுன் இருந்த ஸ்வான்சி என்ற ஊரில் 1686 டிசம்பரில் எழுதியது. மூத்த மகன் ஜானுக்கு ஐந்து பவுண்டு, டிண்டேலின் நூல் தொகுப்பு ஒன்று, ஒரு ஜோடி படுக்கை விரிப்பு, தலையணை உறைகள். இப்படி ஒவ்வொருவர் பெயராக வருகிறது. பெண்களைப் புகுந்த வீட்டுப் பெயரோடு சொல்கிறார்: லிடியா பிரவுன், ஹன்னா பாஸ்வொர்த் என்று. கட்டிலையும் கம்பளியையும் படிக்கப் பொறுமை வேண்டும்தான். ஆனால் தலையணை உறையைப் பங்கு பிரிக்கும் வரிகளில்தான் எந்த மகள் எந்த வீட்டுக்குப் போனாள் என்பது ஒளிந்திருக்கிறது.

அதே உயிலில் தனக்கு 79 வயது என்கிறார். இதைக் கொண்டுபோய் இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ கிராமத் தேவாலய ஏட்டில் வைத்துப் பாருங்கள்: ஜான் டில்லியின் மகள் எலிசபெத், ஞானஸ்நானம் 1607 ஆகஸ்ட் 30. கணக்கு 79. இரண்டு கரையில், 79 ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரு எழுத்தர்கள் எழுதியது பொருந்துகிறது. ஆதாரம் என்றால் இதுதான்.

கல்லறைக் கல்லிலேயே எழுதியிருக்கிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

கல்வெட்டு என்றால் நமக்கு ஒரு மரியாதை, தஞ்சைக் கோயில் கல்லில் வெட்டியது பொய்க்குமா என்று. அமெரிக்கக் கல்லறைக் கல்லுக்கு அந்த மரியாதையைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது, கல்லை நட்டது எப்போது என்பது.

பிளிமத் மேட்டுக் கல்லறையில் ஹவ்லண்டுக்கு 19ஆம் நூற்றாண்டில் வம்சத்தார் ஒரு கல் வைத்தார்கள். அவர் மனைவி ஆளுநர் கார்வரின் மகள் என்று அதில் பொறித்தார்கள். குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். பணியாளாக வந்தவர் ஆளுநர் மகளைக் கட்டினார் என்றால் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது!

உண்மையைச் சொல்லக்கூடிய ஏடு ஒன்று இருந்தது, ஆனால் காணாமல் போயிருந்தது. கார்வருக்குப் பின் நெடுங்காலம் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு தன் கைப்பட எழுதிய பிளிமத் வரலாறு அது. பாஸ்டனில் இருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி அமெரிக்க சுதந்திரப் போர்க் காலத்தில் மறைந்து, 1855இல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் அகப்பட்டது. அடுத்த ஆண்டே அச்சானது. அதன் கடைசியில் கப்பலில் வந்தவர்களின் பட்டியல், ஒவ்வொருவருக்கும் 30 ஆண்டில் என்ன ஆயிற்று என்ற குறிப்போடு. ஹவ்லண்ட் ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை மணந்தார், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், பத்துப் பிள்ளைகள், பத்தும் உயிரோடு என்று நேரில் பார்த்தவர் எழுதியிருக்கிறார். கதை முடிந்தது.

கப்பலில் வந்தபோது எலிசபெத்துக்கு 13 வயது. உடன் வந்த அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி என நால்வரும் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். அனாதையான பெண்ணைக் கார்வர் வீட்டில்தான் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதிலிருந்துதான் "கார்வர் வீட்டுப் பெண்" என்ற பேச்சு கிளம்பியிருக்கலாம். 1897இல் புதுக் கல் வைத்தார்கள். அதில் டில்லியின் மகள் என்று திருத்தமாக இருக்கிறது.

மருமகனின் குடும்பப் பெயரே ஹவ்லண்ட். அப்புறமும் தேட வேண்டுமா?

வேண்டும். ஜானின் சகோதரர்கள் ஆர்தரும் ஹென்றியும் கூடப் பிளிமத்துக்கு வந்து குடியேறினார்கள், ஆனால் மேஃப்ளவரில் அல்ல. இன்றைய ஹவ்லண்டுகளில் பலர் அவர்கள் வழி. மறுபக்கம், ஜானின் ஆறு மகள்கள் வழி வந்தவர்களுக்கு ஹவ்லண்ட் என்ற பெயரே இருக்காது. இனிஷியல் போடும் நமக்கு இது புதிதல்ல: பெயரின் தலையெழுத்து ஒரு தலைமுறையைத்தான் சொல்லும்.

ஜான் ஹவ்லண்ட் இங்கிலாந்தில் எந்த ஊர்?

ஹண்டிங்டன்ஷயரின் ஃபென்ஸ்டான்டன். இதையும் ஒரு உயில்தான் கட்டிச் சேர்த்தது. லண்டனில் துணி வணிகராக இருந்த ஹம்ப்ரி ஹவ்லண்ட் 1646இல் எழுதிய உயிலில் தன் சகோதரர்கள் ஆர்தர், ஜான், ஹென்றி மூவருக்கும் பணம் விட்டிருக்கிறார், அதுவும் நியூ இங்கிலாந்தில் ஒருவர் தரவேண்டிய கடனிலிருந்து. குடியேறியவரைப் பற்றி அமெரிக்காவில் ஒன்றும் கிடைக்காதபோது, ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பியின் காகிதங்களைத் தேடுங்கள். இங்கிலாந்தின் தேவாலய ஏடுகள் 1538இல் தொடங்கியவை. எல்லாம் தப்பிப் பிழைக்கவில்லை. அதற்கு அப்பால் போகச் சொத்து உள்ள குடும்பமாக இருந்தால்தான் வழி உண்டு.

ஹவ்லண்ட் இறந்த தேதி 1672/3 என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழையில்லை. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25. ஹவ்லண்ட் இறந்த பிப்ரவரி 23 அவர்களுக்கு 1672, நமக்கு 1673. குழப்பம் வராமல் இரண்டையும் எழுதுகிறார்கள். அதை ஒற்றை ஆண்டாக்கி எழுதிவிட்டால், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக வீண்பழி விழும்.

பழைய பத்திரத்தில் "மருமகன்" என்று இருக்கிறது, ஆனால் மகளே இல்லையே?

அக்கால ஆங்கிலத்தில் மருமகன் என்ற அந்தச் சொல்லே மனைவிக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த மகனையும் குறித்தது. கசின் என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். பெயருக்குப் பின் சீனியர், ஜூனியர் என்று வந்தால் அப்பா, மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர், இளையவர் என்பதற்கான அடையாளம் அது. சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை என்று பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இந்த மொழியின் வறுமை கொஞ்சம் எரிச்சலூட்டும்.

இணையத்தில் யாரோ போட்ட குடும்ப மரம் அப்படியே இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

துப்பாக எடுத்துக்கொள்ளலாம், ஆதாரமாக அல்ல. நூறு பேர் ஒரே மரத்தை நகல் எடுத்திருந்தால் அது நூறு சாட்சி ஆகாது. ஒரு மரத்தில் ஒரு அம்மாவுக்கு ஒன்பது வயதில் குழந்தை பிறந்திருந்ததைப் பார்த்தேன்; அதை இருபது பேர் நகல் எடுத்திருந்தார்கள்.

பழைய அச்சுப் புத்தகங்களிலும் எச்சரிக்கை தேவை. குஸ்தாவ் அஞ்சூ என்ற ஸ்வீடன்காரர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பணக்காரர்களுக்கு வம்சாவளி "தயாரித்து" விற்றார், ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர். இல்லாத உயில், இல்லாத தேவாலய ஏடு எல்லாம் அதில் வரும். கேட்டவருக்குப் பிரபு வம்சம் வேண்டும், பிரபு வந்துவிடுவார். அவர் 1942இல் இறந்துவிட்டார், ஆனால் அவர் கட்டிய மரங்கள் இன்னும் இணையத்தில் துளிர்க்கின்றன.

டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

12 தலைமுறைக்கு முன்னால் உங்களுக்கு 4,096 முன்னோர் இடங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி மரபணு உதிர்கிறது. ஹவ்லண்ட் உண்மையிலேயே உங்கள் முன்னோராக இருந்தாலும் அவருடைய மரபணுத் துணுக்கு ஒன்றுகூட உங்களிடம் இல்லாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. தந்தை, மகன் என்றே இறங்கும் ஒய் குரோமோசோம், தாய் வழியே மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா இரண்டும் மாறாமல் வெகுதூரம் வரும், ஆனால் அந்த ஒற்றைக் கோட்டுக்கு மட்டுமே. மூன்று நான்கு தலைமுறை தூரத்தில் சிக்கல் இருந்தால் சாதாரணச் சோதனையே அருமையாக உதவும்.

மேஃப்ளவர் சங்கத்தில் சேருவது எப்படி?

1897இல் தொடங்கிய மேஃப்ளவர் வம்சத்தார் பொதுச் சங்கம், பயணி முதல் விண்ணப்பிப்பவர் வரை ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் கேட்கும். முதல் ஐந்து தலைமுறைகளை அவர்களே ஆராய்ந்து நூல்களாக வெளியிட்டிருப்பதால் உங்கள் வேலை அதற்குக் கீழே இணைவதுதான். சங்கத்தில் சேரும் எண்ணமே இல்லாவிட்டாலும் அந்த நூல்களைப் புரட்டுங்கள். 1845 முதல் பாஸ்டனில் இருக்கும் நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கத்தின் சேகரிப்பும் பெரியது.

செலவு எவ்வளவு ஆகும்?

தொடங்க ஒன்றும் ஆகாது. மார்மன் சபையார் நடத்தும் ஃபேமிலிசர்ச் முழுக்க இலவசம். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம். ஆனால் பல ஊர்ப் பொது நூலகங்களில் உட்கார்ந்தால் சும்மா பார்க்கலாம்.

இதில் நம்மூருக்குத் தொடர்பு ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு, நல்லதாகவே. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில், 1649இல். அவருடைய பாட்டி ஆன், கணவர் யேல் இறந்தபின் தியோஃபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்து, பிள்ளைகளோடு 1637இல் நியூ இங்கிலாந்து வந்தவர். ஈட்டன் நியூ ஹேவனின் (இன்றைய கனெக்டிகட்டில் உள்ளது) முதல் ஆளுநர். எலிஹு சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. அவருக்குத் திருமணம் நடந்தது கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில், 1680 நவம்பர் 4 அன்று. அந்தத் தேவாலய ஏட்டின் முதல் திருமணப் பதிவே அதுதான். சிறுவயதில் இறந்த மகன் டேவிட்டின் கல்லறை எழுந்தது இன்றைய சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய வளாகத்தில். ஆக, கனெக்டிகட் குடும்பம் ஒன்றின் வம்சாவளியில் ஒரு படியைச் சரிபார்க்க பாரிமுனைக்குத்தான் வரவேண்டும்.

உங்கள் சம்பந்தி வீட்டுக் கதை என்ன ஆயிற்று?

1812இல் நடந்த ஒரு திருமணம் வரை காகிதம் இருக்கிறது. அந்த மணப்பெண் பெயர் டெசையர் என்றும் டிசையர் என்றும் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. பிறந்த வீட்டுப் பெயர் இருந்த மூலையை எலி கடித்துவிட்டது. ஹவ்லண்டின் மூத்த மகள் பெயரும் டிசையர்தான் என்று சம்பந்தி அம்மா ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறார். பெயர் ஆதாரம் ஆகாது என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அதே ஊரில் 1820களில் இறந்த ஆறு பேரின் உயில்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு படித்தாயிற்று. இரண்டிலும் நிறையத் தலையணை உறைகள், டிசையர் இல்லை.